பழைய இரட்டைக் குழல்: மாற்றலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி: தாத்தா உரிமத்தில் வைத்திருந்த பர்மிங்காம் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி என் பெயருக்கு மாறியிருக்கிறது. குழலில் 2½ அங்குலம் என்று பொறித்திருக்கிறது. சேம்பரை (தோட்டா உட்காரும் அறையை) 70 மி.மீ. ஆக்கி, குழலுக்கும் பாலிஷ் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். 2½ அங்குல சேம்பர் 65 மி.மீ. தோட்டாவுக்கானது. தோட்டாவின் மேல் குறித்திருக்கும் நீளம், வெடித்து வாய் விரிந்த பின் வரும் நீளம். அதனால் மடித்த வாயுள்ள 70 மி.மீ. தோட்டா பழைய சேம்பரிலும் சுலபமாக நுழையும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். ஆபத்தே அதில்தான். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் சேம்பருக்கு முன்னுள்ள குறுகலில் பிதுங்கும், அழுத்தம் எகிறும்.

சேம்பரைக் கடைந்து நீட்டினால் அந்த இடத்தில் குழல் சுவர் மெலியும். துப்பாக்கி தாங்கும் அழுத்தமோ பழையபடியேதான். இங்கிலாந்தில் இப்படிக் கடைந்த துப்பாக்கியை மறுபடி சோதனைக்கு அனுப்பி முத்திரை வாங்காமல் விற்க முடியாது. 65 மி.மீ. தோட்டாவைத் தேடி வாங்குவதே சரி.

குழலைக் கழற்றி அடித்தட்டையில் உள்ள முத்திரைகளைப் படியுங்கள். 'நாட் ஃபார் பால்' (குண்டு போடாதே) என்றிருந்தால் 1875-1887 காலத்தது, கருமருந்துக்குச் சோதித்தது. நைட்ரோ முத்திரை, அதாவது புகையில்லா மருந்துக்குச் சோதித்த முத்திரை, இல்லாத குழலில் இன்றைய தோட்டா போடவே கூடாது. முத்திரை இருந்தாலும் சுவர் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். 20 தவு (அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு), அதாவது அரை மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் சுட வேண்டாம்.

பாலிஷ் சக்கரம் பட்டால் பொறித்த எழுத்தும் சித்திர வேலையும் மழுங்கும். இரும்பும் எஃகும் சேர்த்து முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலாக இருந்தால் அதன் பழுப்பு நிற வரிகளும் போய்விடும். மேல்துருவுக்கு எண்ணெய் தடவி ஒருநாள் ஊறவைத்து, துணியால் துடைத்தால் போதும். ஸ்பிரிங், ஸ்ட்ரைக்கர் (தோட்டாவை அடிக்கும் ஊசி) தேய்ந்திருந்தால் தயங்காமல் மாற்றலாம். கழற்றிய பழையதை உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: தோளில் வைக்கும் கட்டை எனக்குக் குட்டை. அறுத்து ரப்பர் பட்டை வைக்கட்டுமா? குழலையும் கொஞ்சம் குறைக்கலாமா?

பதில்: அறுக்க வேண்டாம். மேலே மாட்டும் தோல் உறைப்பட்டை போதும். நீளமும் கூடும், வேண்டாதபோது கழற்றிவிடலாம். குழலைக் குறைக்கும் எண்ணத்தை அடியோடு விடுங்கள். முனையை வெட்டினால் சோக் (முனையில் உள்ள குறுகல்) போய்விடும், ரவை சிதறும். அதைவிட முக்கியம், உரிமமின்றிக் குழலைக் குறைப்பது 1959 ஆயுதச் சட்டம் 6-ஆம் பிரிவின்படி குற்றம்.