டீச்சர் அம்மா பதில்கள்: டிசம்பரில் வேண்டாம், பிப்ரவரியில் போங்கள்

கேள்வி: எங்கள் சபையின் வாலிபர் சங்கத்தில் பதினைந்து பேர் இருக்கிறோம். வரும் கிறிஸ்துமஸுக்குச் சேலம் மத்திய சிறைக்குப் போய், பாட்டுப் பாடி, கேக் கொடுக்க விரும்புகிறோம். நீங்கள் பல ஆண்டுகளாகச் சிறை ஊழியம் செய்கிறீர்கள். என்னென்ன கொண்டுபோக வேண்டும்?
- வாலிபர் சங்கச் செயலாளர், ஏற்காடு

பதில்: தம்பி, டிசம்பரில் வேண்டாம். பிப்ரவரியில் போங்கள்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் அஸ்தம்பட்டியில் உள்ள அந்தச் சிறைக்குப் பாட்டுக்காரர்களும் கேக் பெட்டிகளும் வந்துவிடும். பிப்ரவரியிலும் ஜூலையிலும் அந்த வாசலில் நிற்பவர்கள் மனுப் பார்க்க, அதாவது மனுக் கொடுத்துக் கைதியைச் சந்திக்க, வந்த தாய்மாரும் மனைவிமாரும்தான். மனுப் பார்க்க யாருமே வராதவர்கள் உள்ளே இருக்கிறார்கள். நீங்கள் போக வேண்டியது அவர்களிடம்.

நான் முதலில் உள்ளே போனது 2006இல். அப்போது அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. ஜெபம் முடிந்து கிளம்பும்போது ஒரு பெரியவர், "அடுத்த மாதம் வருவீர்களா அம்மா?" என்று கேட்டார். "கட்டாயம் வருவேன்" என்றேன். பிறகு தேர்வு, விடைத்தாள் என்று மூன்று மாதங்கள் ஓடிவிட்டன. நான் போனபோது அவரை வேறு சிறைக்கு மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கூடத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தார் என்று பக்கத்து அறைக்காரர் சொன்னார். அந்தச் சட்டையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு, இரண்டாம் சனிக்கிழமை என்றால் மழையானாலும் ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிவிடுவேன்.

பதினைந்து பேர் வேண்டாம். நான்கு பேர் போதும், அந்த நால்வரும் மாறக் கூடாது. சிறை நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். செல்போனை வெளியிலேயே விட்டுவிடுங்கள். சமைத்த உணவு எதையும் கேட்காமல் எடுத்துச் செல்லாதீர்கள். படிக்கும் கண்ணாடி கொடுக்கலாமா என்று அலுவலரிடம் கேளுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பலர் வீட்டிலிருந்து வந்த கடிதத்தைக்கூட அடுத்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். மனைவி எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்பது எவ்வளவு கூச்சம், யோசித்துப் பாருங்கள்.

"என்ன குற்றம்?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். "எந்த ஊர்?" என்று கேளுங்கள். சேர்வராயன் மலைக் கிராமத்துக்காரர் ஒருவர் என்னிடம் வேதாகமம் கேட்டதில்லை. "காப்பி பூத்துவிட்டதா டீச்சர்? மிளகு பறித்துவிட்டார்களா?" என்றுதான் மாதா மாதம் கேட்பார். அவருக்குச் சொல்வதற்காகவே தோட்டப் பக்கம் நடந்து பார்த்துவிட்டுப் போவேன்.

இங்கிலாந்தில் சிறைச் சீர்திருத்தத்துக்குப் பாடுபட்ட எலிசபெத் ஃப்ரை அம்மையார் 1813இல் லண்டன் நியூகேட் சிறைக்கு முதலில் போனபோது துணிமணிகள்தான் கொண்டுபோனார். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார். தாய்மாரோடு அடைபட்டிருந்த பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார், பெண்களுக்குத் தையல் வேலை ஏற்பாடு செய்தார், 1817இல் அதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தார். அந்த இரண்டாவது வருகையைத்தான் உங்களிடமும் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1862இல் கட்டிய சிறை இது. 1950 பிப்ரவரி 11 அன்று இதே மதிலுக்குள் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உள்ளே இருப்பவர் நலமா என்று மாதம் தவறாமல் கேட்க வெளியாள் இருப்பது சிறிய காரியம் அல்ல.

கேள்வி: என் கணவருக்கு ஜாமீன் கிடைத்து இரண்டு மாதம் ஆகிறது. இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும் என்கிறார்கள். எங்களுக்கு யாரும் இல்லை. சிறை ஊழியம் செய்கிறவர்கள் நிற்பார்களா?
- வாசகி, ஓமலூர்

பதில்: முன்பின் தெரியாதவருக்கு ஊழியர்கள் ஜாமீன் நிற்பதில்லை அம்மா. ஆனால் உங்களோடு நீதிமன்றத்துக்கு நடப்பார்கள். அதை நானே பலமுறை செய்திருக்கிறேன்.

முதலில் சேலம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனுப் போடச் சொல்லுங்கள். ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால், நிபந்தனையை மாற்றலாமா என்று நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் கூறியிருக்கிறது. உள்ளூர் ஜாமீன்தாரரே வேண்டும் என்று வற்புறுத்துவதும் விடுதலையைத் தாமதமாக்குகிறது என்று அதே உத்தரவில் சொல்லியிருக்கிறார்கள்.

இது புதிய துயரம் அல்ல. 1978இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கில், அண்ணன் தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி ஜாமீனை ஏற்க மறுத்திருந்தார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்கு மோதிராமே எழுதிக் கொடுக்கும் பிணைப் பத்திரத்தில் விடச் சொன்னார். 2022 இறுதிக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75க்கும் மேற்பட்டோர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராதவர்கள். எனக்கு இது ஆறாத கோபம்.

பணம்தான் தடை என்றால், ஏழைச் சிறைவாசிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு உதவி உண்டு (2023 விதிப்படி 40,000 ரூபாய் வரை). சில வகை வழக்குகளுக்குப் பொருந்தாது. வழக்கு எண்ணையும் ஜாமீன் உத்தரவின் நகலையும் கையில் எடுத்துக்கொண்டு கேளுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், நான் வருகிறேன்.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். சிறையில் இருக்கும் என் மகனைக் கிறிஸ்தவர்கள் வந்து பார்ப்பதாகச் சொல்கிறான். மதம் மாற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், வாழப்பாடி

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. அடைபட்டுக் கிடப்பவனிடம் ஒரு சோப்பைக் கொடுத்துவிட்டு ஞானஸ்நானம் பற்றிப் பேசுவது அவனுடைய இல்லாமையைப் பயன்படுத்திக்கொள்வது. அப்படிப் பேசிய ஒருவரை எங்கள் குழுவிலிருந்து நாங்கள் நிறுத்தியிருக்கிறோம். நான் இயேசுவை நம்புகிறவள். சிறையில் இருப்பவரைப் பார்க்கச் சொன்னவர் அவர், அதனால் போகிறேன். அங்கே கேட்கிறவருக்காக ஜெபிக்கிறேன், கேட்காதவரிடம் பேச வேறு எத்தனையோ இருக்கிறது.

மேலே சொன்ன மலைக் கிராமத்துக்காரர், மே மாதம் வந்தால் சேர்வராயன் கோயில் திருவிழாவைப் பற்றித்தான் கேட்பார். கூட்டம் எவ்வளவு, மழை வந்ததா, அவருடைய ஊர்க்காரர்கள் வந்திருந்தார்களா என்று. விசாரித்து வைத்திருந்து ஒன்றுவிடாமல் சொல்வேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார்.

அடுத்த முறை மனுப் பார்க்கப் போகும்போது, வருகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று மகனிடமே கேளுங்கள். அவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் அலுவலரிடம் சொல்லச் சொல்லுங்கள், அவர்கள் அவனிடம் வரமாட்டார்கள்.