காலையில் மட்டும் மக்கர் செய்யும் பைக்

கேள்வி: 2015 மாடல் 100 சிசி பைக் வைத்திருக்கிறேன், கார்புரேட்டர் வண்டி. டிசம்பர் பிறந்தாலே தலைவலிதான். காலை ஆறு மணிக்கு உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்துவிடுகிறது. சோக் போட்டால்தான் பிடிக்கிறது. ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சோக்கை எடுத்தாலும் ஐட்லிங்கில் நிற்காமல் அணைந்துவிடுகிறது, ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஒரு குறையும் இல்லை. பிளக், ஏர் ஃபில்டர் இரண்டையும் மாற்றியாகிவிட்டது. இப்போது கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா சார்?
- வாசகர், குன்னூர்

பதில்: வேண்டாம், காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சோக்கை எடுத்தால் அணைகிறது என்கிறீர்களே, அங்கேதான்.

குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. துளியாகவே போய் இன்டேக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஸ்பார்க் பற்றவைப்பது ஆவியைத்தான் என்பதால், உள்ளே பெட்ரோல் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது. அதை ஈடுகட்டப் பெட்ரோலின் பங்கைக் கூட்டிக் கொடுப்பதுதான் சோக். குன்னூர்க் குளிருக்கு முதல் அரை நிமிடம், ஒரு நிமிடம் சோக் தேவைப்படுவது இயல்பு. ஐந்து நிமிடம் ஆன பிறகும் அது வேண்டும் என்றால், ஐட்லிங்குக்கு வர வேண்டிய பெட்ரோல் எங்கோ அடைபட்டிருக்கிறது, இல்லையென்றால் வேண்டாத காற்று எங்கிருந்தோ நுழைகிறது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். கார்புரேட்டருக்கு இதெல்லாம் தெரியாது, மேட்டுப்பாளையத்தில் கொடுத்த மாதிரியேதான் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதனால் மலையில் ஓடும் கார்புரேட்டர் வண்டிக்குப் காற்றின் அளவுக்குப் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகத்தான் போகும். உங்கள் வண்டி அங்கேயும் பட்டினி கிடக்கிறது என்றால், எனக்கு ஸ்லோ ஜெட்டின் மேல்தான் சந்தேகம்.

ஐட்லிங்குக்கும் முதல் ஸ்டார்ட்டுக்கும் பெட்ரோல் தருவது இந்தக் குட்டிப் பித்தளைத் திருகுதான். அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, ஒரு தூசு போதும். இன்ஜின் சூடாகிவிட்டால் வருகிற கொஞ்சப் பெட்ரோலே நன்றாக ஆவியாகி வேலையை ஓட்டிவிடும், வேகத்தில் மெயின் ஜெட் பார்த்துக்கொள்ளும், அதனால்தான் பகலில் உங்களுக்குக் குறையே தெரியவில்லை. கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், துளை வழியே வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, ஊறவிட்டு, கம்ப்ரஸரில் ஊதச் சொல்லுங்கள். தயவுசெய்து யாரையும் ஊசி விட்டுக் குத்த விடாதீர்கள். பித்தளை மெது உலோகம், துளை பெரிதாகிவிட்டால் பிறகு மைலேஜ் போச்சு என்று இன்னொரு கேள்வி அனுப்புவீர்கள். அப்படியே ஏர் ஸ்குரூவை (ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் திருகு) கழற்றும் முன் அது எத்தனை சுற்று வெளியே இருந்தது என்று எண்ணி வைத்துக்கொண்டால் திரும்பப் பொருத்துவது சுலபம்.

கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு வேலை செய்யலாம். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரின் அடியில், அதை வடிக்க ஒரு டிரெயின் ஸ்குரூ இருக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல், சின்னக் கண்ணாடி பாட்டிலைக் கீழே பிடித்து அதைத் தளர்த்துங்கள். பாட்டிலை அசைக்காமல் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தால், தண்ணீர் கலந்திருக்கும் பட்சத்தில் அடியில் தனியாக உருண்டு நிற்பது கண்ணுக்கே தெரியும். இப்போது பங்கில் போடுகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஆவியாக அதிக வெப்பமும் கேட்கும், இரண்டும் குளிர்காலத்துக்கு ஆகாதவை. வண்டியை நாள்கணக்கில் மூடுபனியில் நிறுத்தி வைக்கிற வழக்கம் இருந்தால் டேங்க்கை முடிந்தவரை நிரப்பியே வையுங்கள்.

ஜெட் சுத்தமாக இருந்தால் அடுத்து கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பைப் பாருங்கள். ரப்பரில் வெடிப்பு விட்டாலோ ஓ-ரிங் தட்டையாகிப் போனாலோ அந்த வழியே காற்று நுழையும். குளிரில் ரப்பர் விறைத்து இடைவெளி இன்னும் கூடும்.

அதுவும் சரியாக இருந்தால் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் திறக்கும் பாகத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி. இதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று எனக்குப் பிடிப்பதே இல்லை. டேப்பெட் சத்தம் துளி கேட்டாலும் ஓனர் முகம் சுளிக்கிறார் என்று, சத்தமே வராதபடி முறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். வண்டி அமைதியாகிவிடும், வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் ஒழுகும், காலையில் உதைக்கும்போது கிக்கர் சொத்தென்று இறங்கும். லேசான டிக் டிக் சத்தம் இருப்பதே நல்லது. இரவு முழுக்க ஆறிய இன்ஜினில், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு சமாச்சாரம், காதால் கேட்டுச் சரிசெய்கிற வேலை இல்லை.

அதுவரைக்கும் காலையில் இப்படிச் செய்து பாருங்கள். பெட்ரோல் டேப்பைத் திறந்து, சோக்கை முழுதாகப் போட்டு, சாவி போடாமல் நான்கைந்து தடவை மெதுவாகக் கிக்கரை மிதியுங்கள். அப்புறம் சாவியைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், முழு நீளத்துக்கு ஒரே உதை. பலரும் சோக்கைப் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரையும் முறுக்குவார்கள். முறுக்கினால் உறிஞ்சும் விசை குறைந்து சோக் போட்டதன் பலனே பாதி போய்விடும்.

கேள்வி: என்னுடையது பிஎஸ்-6 ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் பைக். சோக்கும் இல்லை, கிக்கரும் இல்லை. ஜனவரியில் காலையில் செல்ஃப் அடித்தால் முனகுகிறது, சில நாள் டக் டக் என்று மட்டும் சத்தம். வீட்டுக்கும் கம்பெனிக்கும் 2 கிலோமீட்டர்தான், வேறெங்கும் எடுப்பதில்லை. இன்ஜெக்டர் கிளீனிங் செய்யச் சொல்கிறார்கள்.
- வாசகர், ஓசூர்

பதில்: இன்ஜினே சுற்றவில்லை, அதற்குள் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து என்ன ஆகப்போகிறது? உங்கள் தொல்லை பேட்டரி. அதை நீங்களே சொல்லிவிட்டீர்கள், 2 கிலோமீட்டர் என்று. ஒவ்வொரு செல்ஃபும் எடுக்கிற சார்ஜை அந்தச் சின்ன ஓட்டம் திருப்பிக் கொடுப்பதில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, குளிர் வந்ததும் மிச்சமிருக்கிற பலமும் குறைந்து படுத்துக்கொள்கிறது.

சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நிறுத்தியிருந்த வண்டியில், காலையில் சாவி போடும் முன் அளந்தால் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் பேட்டரியை முழு சார்ஜ் செய்து மறுபடி அளந்து, அப்போதும் விழுந்தால் மாற்றிவிடுங்கள். ஆனால் அதற்கும் முன்பாக டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகத் தூள் பூத்திருந்தால், பேட்டரி வயர்களைக் கழற்றிவிட்டு, வெந்நீரில் சமையல் சோடா கலந்து பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் இறுக்கமாக முடுக்கி வாஸ்லின் தடவுங்கள். நெகட்டிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும், கடைசியாக மாட்ட வேண்டும். ஜிபிஎஸ் கருவி, அலாரம் ஏதாவது வெளியில் மாட்டியிருந்தால் அதுவும் இரவெல்லாம் குடித்துக்கொண்டிருக்கும்.

சாவி போட்டதும் டேங்க் பக்கமிருந்து இரண்டு மூன்று விநாடி ஒரு ரீங்காரம் கேட்கும், அது பெட்ரோல் பம்ப். அது நின்ற பிறகு செல்ஃப் அடியுங்கள். ஒரே மூச்சில் ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள், கொஞ்சம் விட்டு மறுபடி அடியுங்கள். பேட்டரி அறவே செத்துவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பெரும்பாலும் நடக்காது, பம்ப்புக்கும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவுக்கும் கரண்ட் வேண்டுமே.

ஆயில் என்ன ஊற்றினார்கள் என்றும் பில்லைப் பாருங்கள். 10டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு, கெட்டியாக இருந்தால் இன்ஜினுக்கு நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றுகிற கடைகள் இருக்கின்றன. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. கூடினால் செல்ஃபுக்குத்தான் சுமை.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் வெள்ளைப் புகை. பிஸ்டன் போய்விட்டதா?
- வாசகர், ஏற்காடு

பதில்: ஐந்து நிமிடத்தில் மறைந்துவிட்டால் அது வெறும் நீராவி, பயப்பட ஒன்றுமில்லை. நீலம் கலந்து, எண்ணெய் கருகிய வாடையோடு வந்தால்தான் கவலை. அதுவும் ஸ்டார்ட் ஆன முதல் நிமிடம் மட்டும் வந்தால் வால்வு சீல், வண்டி இழுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் என்று சந்தேகப்படலாம்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் பிளக்கைக் கழற்றி கேஸ் அடுப்பில் காட்டி மாட்டுகிறார்கள், வண்டியும் உடனே பிடித்துக்கொள்கிறது. இது சரியா?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் பெட்ரோலில் நனைந்த பிளக் காய்ந்துவிடுகிறது. ஆனால் பெட்ரோல் சொட்டுகிற ஒன்றைச் சமையலறைக்குள் கொண்டுபோய் நெருப்பில் காட்டுவதா? துணியால் துடைத்துக் காற்றில் ஆறவிட்டாலே போதும். கழற்றும்போது பிளக் நனைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ என்று அர்த்தம். சாவியை எடுத்துவிட்டு, டேப்பை மூடி, சோக்கை எடுத்து, பிளக்கை மாட்டும் முன் ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கிப் பிடித்தபடி ஏழெட்டு தடவை மிதித்தால் உள்ளே தேங்கியது வெளியேறிவிடும். அப்புறம் பிளக்கை மாட்டி, சோக் போடாமல் உதையுங்கள். தினமும் பிளக் நனைகிறது என்றால் ஃப்ளோட் சேம்பர் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் சரியாக அடைக்கவில்லை, அதை மாற்றப் பெரிய செலவும் ஆகாது. இரவில் நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுப் போனால், அதை மாற்றும்வரை காலம் தள்ளலாம்.