பள்ளியை விட்டு எடுத்த பிள்ளை ஊரோடு சேர்ந்து வளரட்டும்

வீட்டிலேயே படிக்க வைப்பதைப் பற்றி வரும் கடிதங்கள் இப்போது அதிகமாகிவிட்டன. அதனால் இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

வணக்கம் டீச்சர். என் மகனுக்கு எட்டு வயது. தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு முடிக்கப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆனாலே வயிறு வலிக்கிறது என்று அழுகிறான், டாக்டரிடம் காட்டினால் ஒன்றும் இல்லை என்கிறார். நானும் அவரும் சேர்ந்து வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். சட்டப்படி யாராவது கேட்பார்களா? "ஒத்தப் பிள்ளையா வளர்ந்து ஒத்தையாவே போயிடுவான்" என்கிறார் மாமியார்.
*– ஒரு வாசகி, பொள்ளாச்சி*

முதலில் சட்டத்தைப் பேசிவிடுவோம் அம்மா. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அபராதமோ சிறையோ அதில் எங்கும் இல்லை. வீட்டில் படிக்க வைப்பதைத் தடுத்தும் எழுதவில்லை, அனுமதித்தும் எழுதவில்லை. அதனால் பயப்பட வேண்டாம், ஆனால் செய்வதை ஒளிவுமறைவு இல்லாமல் செய்யுங்கள்.

அதாவது, ஒருநாள் திடீரென்று அனுப்புவதை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார வைக்காதீர்கள். ஆண்டு முடிந்ததும் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்து, இன்ன காரணத்துக்காக எடுக்கிறோம் என்று நேராகச் சொல்லி, மாற்றுச் சான்றிதழை வாங்கி, கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்குத் தரும் எமிஸ் எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டி.சி. போட்டதும் பிள்ளையின் பெயர் அந்தப் பள்ளியிலிருந்து பொதுத் தொகுப்புக்குப் போகும், நாளைக்கு வேறு பள்ளியில் சேர்த்தால் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்வார்கள். இடையில் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்குக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியப் பயிற்றுநர்கள் உங்கள் வீட்டுக்கு வரலாம். சில பெற்றோர் அவர்களை வாசலிலேயே நிறுத்திச் சண்டை போடுகிறார்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளையையும் சீக்கிரம் கல்யாணம் பேசப்படும் பிள்ளையையும் கண்டுபிடிக்கத்தான் அவர்கள் வெயிலில் தெருத்தெருவாக அலைகிறார்கள். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து, பையன் எழுதிய நோட்டு, வரைந்த படம், படித்த புத்தகம் எல்லாம் காட்டுங்கள். உங்கள் ஊரில் உங்களைத் தெரிந்த ஒரு கல்விக்காரர் இருப்பது பின்னால் எத்தனையோ விதத்தில் உதவும்.

சரி, இப்போது உங்கள் மாமியார் பேச்சுக்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கணக்கும் தமிழும் தினமும் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் போதும், தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பாடம் உங்களுக்குப் பிரச்சினையே ஆகாது. பிரச்சினை மற்ற நேரம். பள்ளிக்கூடம் ஒரு பிள்ளைக்கு நாற்பது பிள்ளைகளைத் தினமும் கொடுக்கிறது, பிடித்தவன், பிடிக்காதவன், அழுகிறவன், அடிக்கிறவன், இட்லியைப் பங்கு போடுகிறவன் எல்லாரையும். அதை அப்பா அம்மா இரண்டு பேரும் சேர்ந்தாலும் கொடுக்க முடியாது. அதனால் பள்ளியை விட்டு எடுக்கும் முன்பே, சாயங்காலம் நாலரை மணிக்கு அவன் யாரோடு விளையாடுவான் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும், பெயர் சொல்லி. வாரத்துக்கு ஒருநாள் எங்கேயோ ஒரு வகுப்புக்குக் காரில் கொண்டுபோய் விடுவதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். அதே தெரு, அதே பிள்ளைகள், தினமும். அப்படி இருந்தால்தான் சண்டை போட்டவனோடு மறுநாள் பேசக் கற்றுக்கொள்வான்.

உங்கள் பகுதியில் ஒரு கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ நிச்சயம் இருக்கும், அவனை உறுப்பினராக்குங்கள். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்திலிருந்தே நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது, அது உங்கள் காசில் நடக்கும் இடம், கூச்சப்படாமல் போங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இல்லம் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து சோதனை செய்வார்கள், பாடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்று கேட்கிறேன். அவனுக்கு வயிறு வலிப்பது பள்ளிக்கூடத்தாலா, அந்தப் பள்ளிக்கூடத்தாலா? வீட்டுப்பாடச் சுமையா, யாராவது அடிக்கிறார்களா, ஆங்கிலத்தில் கேட்டால் பதில் தெரியாமல் நிற்க வைக்கிறார்களா? அவனிடம் மெதுவாகப் பேசிப் பாருங்கள். விதிப்படி ஒன்று முதல் ஐந்து வரையிலான பள்ளி ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் ஊர் அரசுத் தொடக்கப்பள்ளிக்கு ஒருநாள் இரண்டு பேரும் போய், ஒன்றும் பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். அதற்கு அப்புறமும் வீடுதான் என்று தோன்றினால் தாராளமாகச் செய்யுங்கள்.

டீச்சர், என் மகளுக்கு 13 வயது. ஐந்தாம் வகுப்புக்குப் பின் வீட்டில்தான் படிக்கிறாள். நன்றாக ஓடுவாள். அடுத்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைக்க வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியா, மாநிலத்தில் தனித்தேர்வரா? பள்ளிகளுக்கு இடையிலான ஓட்டப் பந்தயத்தில் அவளைச் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள்.
*– ஒரு தந்தை, நாகர்கோவில்*

இரண்டு வழியும் நல்ல வழிதான், ஆனால் இரண்டும் வேறு வேறு. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடம் தேறினால் சான்றிதழ், அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு உண்டு, இந்த முறை இரண்டு பாடம், அடுத்த முறை மூன்று என்று பிரித்தும் எழுதலாம். காலையும் மாலையும் மைதானத்தில் இருக்கும் பிள்ளைக்கு இது தோதாக இருக்கும்.

மாநிலத் தேர்வுத்துறை வழியில் போனால், எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளை முதலில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுத வேண்டும், அதற்கு 12½ வயது முடிந்திருந்தால் போதும், உங்கள் மகள் இப்போதே தயாராகலாம். பத்தாம் வகுப்பில் அறிவியல் செய்முறைக்குத் தனித்தேர்வர்கள் பதிவு செய்து, ஒதுக்கப்பட்ட பள்ளிக்கு நேரில் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். பலர் இதைத் தொல்லை என்கிறார்கள். எனக்கு இது பிடித்த ஏற்பாடு. வருஷக்கணக்காக வீட்டில் படித்த பெண் ஆய்வகத்தில் தன் வயதுப் பிள்ளைகளோடு நின்று அமிலத்தையும் காரத்தையும் வைத்துத் தானே சோதனை செய்வாள், ஓர் ஆசிரியையும் பழக்கமாவார்.

ஆனால் பணக் கணக்கையும் நீங்கள் பார்க்க வேண்டும். மருத்துவப் படிப்பில் 2020-லும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021-லும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களை மனதில் வைத்துக் கொண்டுவந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அரசுப் பள்ளியில், அல்லது உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில், படித்தவர்களுக்குத்தான். வீட்டில் படித்தால் இந்தக் கதவுகள் அடைபடும். வசதி உள்ள வீட்டுக்கு இது பெரிதாகத் தெரியாது, மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்கு இது பெரிய இழப்பு. திறந்தநிலைச் சான்றிதழை மாநில அரசு வேலைக்கு எப்படி ஏற்கிறார்கள் என்பதற்கான அப்போதைய அரசாணையையும் பதிவு செய்யும் முன் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மகளுக்கும் இதையெல்லாம் சொல்லுங்கள், 13 வயதுப் பெண்ணுக்குப் புரியும், அவள் எதிர்காலம்தானே.

ஓட்டத்துக்கு வருவோம். பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி எல்லாம் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கும் பிள்ளைகளுக்கானவை, அங்கே வாதாடிப் பயனில்லை. மாவட்டத் தடகளச் சங்கம் வயது வாரியாக நடத்தும் போட்டிக்குப் பிறப்புச் சான்றிதழோடு போய்ப் பதிவு செய்யுங்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட மைதானத்தில் பயிற்சி எடுக்கட்டும். அங்கே வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளாக இருப்பார்கள், ஓடி முடித்து ஷூவைக் கழற்றும்போது நட்பு தானாக வரும்.

என் பேத்திக்கு மூளை முடக்குவாதம். நடக்க முடியாது. "வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதானா?
*– ஒரு பாட்டி, திண்டிவனம் அருகில்*

அவ்வளவுதான் இல்லை அம்மா. வீட்டுவழிக் கல்வி என்பது கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தத்தின்படி உங்கள் பேத்தியின் உரிமை. வேண்டுமென்றால் நீங்கள்தான் கேட்கலாம், பள்ளிக்காரர்கள் அதைச் சொல்லி அவளை வெளியே தள்ள முடியாது. பேத்தியின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்க வேண்டும், பாடப் புத்தகமும் மற்ற பொருட்களும் அவளுக்கும் வர வேண்டும். வட்டார வள மையத்தில் போய்க் கேளுங்கள், சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வர ஏற்பாடு இருக்கிறது. இன்னொன்றும் கேளுங்கள், மாதத்தில் சில நாளாவது அவளைச் சக்கர நாற்காலியில் வகுப்புக்கு அழைத்துப்போக வேண்டும், அவள் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்கு வர வேண்டும். தயங்காதீர்கள், பிள்ளைகளிடம் சொன்னால் கூட்டமாக வந்து நிற்பார்கள். மறுபடியும் மறுத்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. எங்கள் ஊரில் ஒரு குடும்பம் பிள்ளையை வீட்டில் படிக்க வைக்கிறது. அந்தப் பையன் மதிய இடைவேளையில் கேட்டுக்கு வெளியே நின்று எங்கள் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கிறான். என்னால் என்ன செய்ய முடியும்?
*– ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்*

இந்தக் கடிதத்தை எழுதியதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பெயர் பதிவேட்டில் இல்லாத பிள்ளையைப் பள்ளி நேரத்தில் உள்ளே விட உங்களுக்குத் தயக்கம் இருக்கும், கீழே விழுந்து அடிபட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். அதனால் தனியாக முடிவெடுக்காமல் தலைமையாசிரியர் வழியாகப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள். நாலு மணிக்கு மேல் மைதானத்தை ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் திறந்துவிடலாம் என்று குழு தீர்மானம் போட்டால் அவனும் வரலாம், அவனுக்காக என்று தனியாகச் சொல்லவே வேண்டாம். ஆண்டு விழா, மரம் நடுவது, புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துப்போவது, இதிலெல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த அப்பா அம்மாவைப் பள்ளிக்கு அழையுங்கள். இதுதான் முக்கியம். பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒன்றில் ஆர்வமாக இருப்பவர்கள், விதை சேகரிப்பார்கள், பறை அடிப்பார்கள், தச்சு வேலை தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் வந்து உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் என்றாலும் கல்வியில் அக்கறை உள்ள ஊர்க்காரர்களுக்கும் இடம் இருக்கிறது. உங்கள் பள்ளிக்கு கழிப்பறை வேண்டும், சுற்றுச்சுவர் வேண்டும் என்று கிராம சபையில் அந்த அப்பாவும் எழுந்து கேட்டால், அவருக்கும் அந்தப் பள்ளி சொந்தமாகிவிடும்.

அரசுப் பள்ளியில் சேர்த்தால் "கண்ட பிள்ளைகளோடு" பழகிக் கெட்டுப்போவான் என்றுதான் வீட்டில் படிக்க வைக்கிறேன். எங்கள் இனத்துப் பிள்ளைகள் நாலைந்து பேரைச் சேர்த்து வீட்டிலேயே வகுப்பு நடத்தலாமா?
*– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்*

கூடாது. நீங்கள் சொல்லாமல் விட்ட சொல் என்ன என்று எனக்கும் தெரியும், வாசகர்களுக்கும் தெரியும். சாதிக்காகப் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டுவதற்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள். திங்கட்கிழமை காலையில் அவனைப் பக்கத்துப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேருங்கள்.

மூன்று வருஷம் வீட்டில் படித்த என் மகன் இப்போது "எனக்கு ஸ்கூலுக்குப் போகணும்" என்கிறான். 12 வயது. டி.சி. தொலைந்துவிட்டது. ஒரு பள்ளியில் நுழைவுத் தேர்வு வேண்டும் என்கிறார்கள். வருஷமும் பாதி போய்விட்டது.
*– ஒரு வாசகி, ஓசூர்*

அவன் கேட்டதும் நீங்கள் கிளம்பியது மிகவும் சரி. "நாம் எடுத்த முடிவு தோற்றுவிட்டதே" என்று சிலர் பிள்ளையைப் பிடித்து வைப்பார்கள், நீங்கள் அப்படிச் செய்யவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி அவனை வயதுக்கேற்ற வகுப்பில், அதாவது ஏழாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். எட்டாம் வகுப்பு வரை சேர்க்கைக்குத் தேர்வு வைப்பதையே சட்டம் தடை செய்கிறது. டி.சி. இல்லை, வருஷத்தின் நடுவில் வந்தீர்கள் என்ற இரண்டையும் காரணமாகச் சொல்லி மறுக்க முடியாது. பழைய எமிஸ் எண் முந்தைய பள்ளியில் கிடைக்கும், ஆதார் நகலோடு அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் நேராகப் போங்கள்.

சேர்ந்த முதல் மாதம் அவனுக்குக் கஷ்டமாக இருக்கலாம், நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மணி அடிப்பதே எரிச்சலாக இருக்கும். வகுப்பாசிரியரிடம் அவனுக்கு எதில் ஆர்வம், எதில் தடுமாற்றம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு டப்பா கட்டிக் கொடுக்காதீர்கள், முதல் வாரமாவது வரிசையில் நின்று தட்டு வாங்கி மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து சத்துணவு சாப்பிடட்டும்.