உட்கார்ந்து ஓட்டும் பழைய புல்வெட்டி: பட்டறைப் பதில்கள்

லான் மோவர் பற்றிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் இரண்டு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உட்கார்ந்து ஓட்டும் பழைய மோவர்கள் பற்றியவை. எஸ்டேட் பங்களாவோடு சேர்ந்து வந்தவை, ஏலத்தில் எடுத்தவை, ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடப்பவை. டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து இப்போது கோத்தகிரியில் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த மெஷின்களைக் காயலான் கடைக்கு அனுப்புவதில் எனக்குச் சம்மதமில்லை. முக்கால்வாசிக் கோளாறு இன்ஜினுக்குள் இருப்பதே இல்லை. இந்த மலையின் காற்றும் ஈரமும் சரிவும்தான் அதைப் படுத்துகின்றன.

கோயம்புத்தூரில் ஒரு பழைய ரைடிங் மோவர் வாங்கினோம். அங்கே அருமையாக ஓடியது. ஊட்டிக்குக் கொண்டுவந்ததும் கரும்புகை கக்குகிறது, இழுவையும் இல்லை. எங்களை ஏமாற்றிவிட்டார்களா?
வாசகி, ஊட்டி

விற்றவர் மேல் பழி போடாதீர்கள் அம்மா. மெஷின் அதேதான், காற்றுதான் வேறு. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம். ஊட்டி 2,240 மீட்டர். மேலே வர வரக் காற்று மெலிகிறது. ஆனால் பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் விடும் கார்ப்ரேட்டர், கீழே விட்ட அதே அளவு பெட்ரோலைத்தான் இங்கேயும் விடுகிறது. காற்று போதாமல் பெட்ரோல் முழுதாக எரிவதில்லை. அதுதான் அந்தக் கரும்புகை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், முனையில் விரலில் ஒட்டுகிற மாதிரி உலர்ந்த கரி படிந்திருக்கும்.

முதலில் ஏர் ஃபில்டர். காகித ஃபில்டர் அழுக்காக இருந்தால் புதிதாகப் போடுங்கள், கழுவிப் போட வேண்டாம். அப்புறம் சோக், அதாவது ஸ்டார்ட் செய்யும்போது காற்றை அடைக்கும் தகடு. லீவரை முழுக்கத் தள்ளியும் உள்ளே தகடு கால்வாசி மூடியே நிற்பது பழைய மெஷின்களில் சகஜம். கேபிளை இழுத்துச் சரி செய்யுங்கள். இவை இரண்டும் சரியென்றால் கார்ப்ரேட்டரின் அடியில் பாருங்கள். ரொம்பப் பழைய மாடலானால் அங்கே திருகி அட்ஜஸ்ட் செய்யும் ஊசி இருக்கும். இன்ஜின் சூடாக ஓடும்போது அதை அரைக்கால் சுற்று அரைக்கால் சுற்றாக உள்ளே திருப்பிக்கொண்டே வாருங்கள். புகை நின்று சத்தம் தெளியும் இடம் வரும். அதற்கு மேல் போகாதீர்கள். ஊசி இல்லாத மாடலுக்கு, மலைப் பகுதிக்கென்று சிறிய துளையுள்ள ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்து விடும் சின்னத் திருகைக் கம்பெனியே தருகிறது. அதை வாங்கிப் போடுங்கள். இருக்கும் ஜெட்டின் துளையை ஈயம் வைத்துச் சிறிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பின்னால் மெஷினைக் கீழே கொண்டுபோனால் பழைய ஜெட்டைத் திரும்பப் போட மறக்கக் கூடாது. பெட்ரோல் குறைந்து ஓடினால் இன்ஜின் காய்ந்துபோகும்.

இழுவை விஷயம் மட்டும் முழுதாகத் தீராது. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3.5 சதவீதம் சக்தி குறையும் என்று இன்ஜின் கம்பெனியான பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் தன் கையேடுகளிலேயே போடுகிறது. ஊட்டிக்குக் கணக்குப் போட்டால் கால்வாசி போய்விடுகிறது. அதனால் வெட்டும் உயரத்தை ஒரு படி ஏற்றி, கியரை ஒரு படி இறக்கி ஓட்டுங்கள். நம்மூர் கிக்குயு புல் மெத்தை மாதிரி அடர்ந்து கிடப்பது. ஒரே ஓட்டத்தில் அடியோடு வெட்ட நினைத்தால் புது மெஷினும் திணறும்.

மழை முழுக்க ஷெட்டில் நின்ற மோவர் இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கில் தீப்பொறி வருகிறது. கார்ப்ரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.
வாசகர், குந்தா

மாற்றுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். டேங்கின் அடியிலிருந்து பெட்ரோலை ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, ஒரு இரவு அசையாமல் வைத்துவிட்டு, காலையில் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு நின்றால் அது தண்ணீரும் எத்தனாலும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் மலையில் மாதக்கணக்கில் மூடுபனிக்குள் அரை டேங்கோடு நிறுத்தினால் வேறென்ன நடக்கும்? பழைய சின்ன இன்ஜின்களுக்குக் கம்பெனிகள் அனுமதிப்பதே 10 சதவீதம்தான். பழைய ரப்பர் ஹோஸும் இதில் ஊறி உப்பி, உள்பக்கம் உரிந்து வரும். ஹோஸை இப்போதே மாற்றிவிடுங்கள்.

கார்ப்ரேட்டரின் கிண்ணத்தை ஒரே ஒரு போல்ட்தான் பிடித்திருக்கும். அதைக் கழற்றி உற்றுப் பாருங்கள். பல மாடல்களில் அந்த போல்ட்டேதான் ஜெட். பக்கவாட்டில் மயிரிழை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அது அடைத்திருந்தால் இன்ஜின் உயிர்பெறாது. கரண்ட் வயரை உரித்து அதிலிருந்து ஒரே ஒரு செம்புக் கம்பியை எடுத்து, அந்தத் துளையில் விட்டு எடுங்கள். குண்டூசி, டிரில் பிட் இரண்டும் ஆகாது, துளை பெரிதாகிவிடும். கார்ப்ரேட்டர் கிளீனர் அடித்து, புது கேஸ்கெட் போட்டு மூடுங்கள். புது கார்ப்ரேட்டருக்குச் செலவழிக்க இருந்த பணம் அநேகமாக மிச்சம்.

இனிமேல் மழைக்கு முன் டேங்கைக் காலி செய்து, பெட்ரோல் குழாயின் டேப்பை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அப்புறம் நிறுத்தி வையுங்கள்.

சாவியைத் திருப்பினால் அரைச் சுற்று சுற்றி, எதிலோ முட்டியதுபோல் நின்றுவிடுகிறது. புது பேட்டரி போட்டாயிற்று, ஸ்டார்ட்டரில் கார்பன் பிரஷ்ஷும் மாற்றியாயிற்று.
வாசகர், குன்னூர்

உங்கள் இன்ஜின் மேல்பக்கம் வால்வு உள்ள ஒற்றை சிலிண்டர் மாடல் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் டேப்பெட்டை, அதாவது வால்வை அழுத்தும் பாகத்தின் இடைவெளியைப் பாருங்கள். இந்தக் கோளாறுக்கு ஊரெல்லாம் பேட்டரி மாற்றுகிறார்கள், எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம்.

ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரின் அழுத்தத்தைக் கொஞ்சம் கசியவிட, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் ஒரு சின்ன மேடு உண்டு. அது வால்வை நூலளவு தூக்கும். டேப்பெட் இடைவெளி தேய்ந்து அகன்றுவிட்டால், அந்த நூலளவு தூக்கல் வால்வுக்குப் போய்ச் சேராது. முழு அழுத்தத்தை எதிர்த்து ஸ்டார்ட்டர் சுற்ற முடியாமல் நிற்கும்.

செய்முறை பைக் டேப்பெட் மாதிரியேதான். பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு மெல்லிய மூங்கில் குச்சியை விடுங்கள். இன்ஜினின் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, இரண்டு வால்வும் மூடியிருக்கையில் பிஸ்டன் உச்சிக்கு வருவதைப் பிடியுங்கள். உச்சியைத் தாண்டி கால் அங்குலம் இறங்கியதும் நிறுத்துங்கள். நீங்கள் சொன்ன பிரிக்ஸ் இன்ஜினுக்கு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் இன்டேக் 0.10 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.15 மில்லிமீட்டர். வேறு மாடல் வைத்திருப்பவர்கள் தங்கள் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை.

அமெரிக்க மெஷின். பெல்ட் இங்கே கிடைப்பதில்லை. பழைய பெல்ட்டில் 4எல் 440 என்று இருக்கிறது. கடையில் ஏ44 கொடுத்தார்கள், தொளதொள என்று தொங்குகிறது.
வாசகர், கொடைக்கானல்

நீங்கள் கேட்க வேண்டியது ஏ42. அமெரிக்க எண்ணில் 440 என்றால் பெல்ட்டின் வெளிச்சுற்று 44.0 அங்குலம். நம் கடைகளில் ஏ-க்குப் பக்கத்தில் எழுதுவது உள்சுற்று. இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 2 அங்குலம். ஃபேக்டரியில் ஃபேன் பெல்ட்டுகளோடு காலம் தள்ளியவன் என்பதால் சொல்கிறேன், எண்ணை மட்டும் சொல்லி வாங்காமல் பழைய பெல்ட்டைக் கையோடு எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சக்கரத்தை ஓட்டும் டிரைவுக்குச் சாதா பெல்ட் கொஞ்ச காலம் தாங்கும். பிளேடை ஓட்டும் பெல்ட் வேறு விஷயம். அது ஒவ்வொரு முறை லீவரைப் போடும்போதும் வழுக்கி வழுக்கிப் பிடிப்பது. சாதா பெல்ட் அங்கே சூடேறிப் பிய்ந்துவிடும். கெவ்லார் நூல் போட்டது என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், கொடுக்கலாம். புது பெல்ட் போடுமுன் புல்லிகளைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் பேரிங் போய்விட்டது. அதற்கு அமெரிக்காவுக்கு எழுத வேண்டியதில்லை. பேரிங்கின் ஓரத்திலேயே எண் வெட்டியிருக்கும். 6203, 6204 போன்றவை என்றால் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். இருபுறமும் ரப்பர் மூடியுள்ளதாகக் கேளுங்கள்.

சீட்டுக்கு அடியில் உள்ள சுவிட்ச் கெட்டுவிட்டது. இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா அண்ணா?
வாசகர், கோத்தகிரி

கூடாது தம்பி. முறுக்கியிருந்தால் இன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

பிளேடு ஓடும்போது நீங்கள் சீட்டை விட்டு எழுந்தாலோ விழுந்தாலோ இன்ஜினை நிறுத்துவதுதான் அந்த சுவிட்சின் வேலை. பிளேடின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் சுற்றுகிறது. சமவெளியில் விழுந்தவன் ஓரமாக உருண்டுவிடலாம். நம் ஊர்ச் சரிவில் ஆளும் மெஷினும் ஒரே திசையில்தான் போவார்கள். சுவிட்ச் சின்ன விலை. அதே அளவில் வேறு கம்பெனி சுவிட்ச் கிடைத்தாலும், அழுத்தினால் இணைப்பதா விடுவிப்பதா என்று பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பொருத்துங்கள்.

சரிவு பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். உட்கார்ந்து ஓட்டும் மோவரைச் சரிவின் குறுக்கே ஓட்டக் கூடாது. நேர் மேலே, நேர் கீழே மட்டும். 15 டிகிரிக்கு மேல் அதுவும் கூடாது. டிகிரி பார்க்க கருவி வேண்டாம். 10 அடி நீளமான நேர் பலகை ஒன்றின் ஒரு முனையை மேட்டில் வைத்து, ரசமட்டம் பார்த்துப் பலகையைச் சமமாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் இடைவெளி இரண்டரை அடியைத் தாண்டினால், அந்த இடம் கையால் வெட்டும் இடம். பனி காயாத காலைப் புல்லில் எந்தச் சரிவும் வேண்டாம்.

பிளேடை மூடியிருக்கும் டெக்கின் அடியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாமா?
வாசகி, கூடலூர்

கழுவிவிட்டு வெயிலில் காய வைக்க முடிந்தால் கழுவலாம். உங்கள் ஊர் மழைக்கு அது நடக்காது. பிளக் வயரைக் கழற்றிவிட்டு, டெக்கைத் தனியாக இறக்கி, மரத் துண்டால் சுரண்டுங்கள். ஜாக்கி மேல் நிற்கும் மெஷினுக்கு அடியில் கை விடாதீர்கள்; மரக்கட்டை முட்டுக் கொடுங்கள்.

பத்து வருஷமாக ஓடாத மோவர் ஒன்று மாமனார் வீட்டில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
வாசகர், அருவங்காடு

பிளக்கைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் தயங்காமல் எடுங்கள். இறுகியிருந்தால் பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அசையாவிட்டால் மாமனாரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சுற்றுகிறதே என்று உடனே பேட்டரியை மாட்டாதீர்கள். ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்து, மட்டமும் குறிக்கு மேலே இருந்தால், கார்ப்ரேட்டரின் ஊசி வால்வு கசிந்து பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கியிருக்கிறது. அப்படியே ஓட்டினால் உள்ளே மசகு இல்லாமல் எல்லாம் தேயும், தீப்பிடிக்கவும் கூடும். ஆயில் முழுவதையும் வடித்து, ஊசி வால்வை மாற்றி, புது ஆயில் ஊற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.