எருமையை யார் கறப்பது?

அன்புள்ள ஐயாவுக்கு,

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் விற்பனை மேலாளராக இருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு புதிய சிஇஓ வந்தார். வந்ததும் எங்களை ஏற்காட்டுக்கு அழைத்துப்போய் மூன்று நாள் தொலைநோக்குப் பட்டறை நடத்தினார். ‘ஐந்தாண்டில் முதலிடம்’ என்று வாசலில் பெரிய போர்டும் மாட்டியாயிற்று. ஆனால் விற்பனை இறங்கிக்கொண்டே போகிறது. தென்மாவட்டங்களில் மட்டும் 11 டீலர்கள் ஆர்டர் போடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு நிறுவனத்தின் ஏற்ற இறக்கம் நிஜமாகவே தலைமையின் கையில் இருக்கிறதா, இல்லை எல்லாம் மார்க்கெட்டும் அதிர்ஷ்டமும்தானா? இதைப் பற்றி நல்ல புத்தகங்கள் சொல்ல முடியுமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

புத்தகத்தை விடுங்கள். அதிர்ஷ்டமா தலைமையா என்பதும் டீக்கடையில் பேசித் தீராத விஷயம். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 11 டீலர்கள்தான். ஏனென்றால் ஒரு வாரமாக என் அப்பத்தாவின் எருமையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாத்தூர் பக்கம் எங்கள் ஊர். 1980களின் கடைசி. அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஏதோ ஒரு சங்கத்தார் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டுப் பார்த்துவிட்டு, டவுனுக்கு வந்தால் இலவச ஆபரேஷன் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவள் போகவில்லை. சீட்டு அஞ்சறைப் பெட்டியில் கிடந்து மஞ்சளாயிற்று. ஜனங்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று சங்கத்தார் சலித்துக்கொண்டார்கள். அப்பத்தாவுக்கு விழிப்புணர்வு எக்கச்சக்கம். “நான் போய்ப் படுத்துட்டா எருமையை யாரு கறப்பா?” என்றாள். பஸ் காசு, கூட வரும் ஆளுக்குச் சாப்பாடு, அந்த ஆள் இழக்கும் நாலு நாள் கூலி. அவர்கள் சொன்ன இலவசத்தில் இது எதுவும் சேர்த்தியில்லை.

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசு வேலையில் ஓய்வு பெற்றபின் 58 வயதில், 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களால் கத்தி பிடிக்கப் பழகிய மனிதர். நீங்கள் தேடும் நிர்வாகப் புத்தகங்களில் அவர் கண்டிப்பாக இருப்பார். ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேசை, ஒன்றில் வேலை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளி தயார். முன்பின் வேலைகளுக்குப் பயிற்சி கொடுத்த கிராமத்துப் பெண்கள். மெக்டொனால்ட்ஸ் கடையைப் பார்த்து வந்த யோசனை. எல்லாம் உண்மைதான். ஆனால் மேசை தயாராக இருந்து என்ன, ஆள் வர வேண்டாமா?

அவர்களுடைய முகாம்களிலும் ஆரம்பத்தில் எங்கள் ஊர்க் கதைதான். ஆபரேஷன் தேவை என்று சொல்லப்பட்டவர்களில் கொஞ்சம் பேரே வந்தார்கள். ஆனால் இவர்கள் சலித்துக்கொள்ளவில்லை. வராதவர்களைத் தேடிப்போய் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். வண்டிக்குக் காசில்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை, துணைக்கு ஆளில்லை. அப்புறம்தான் முகாமிலிருந்தே வண்டியில் ஏற்றிப்போய், சோறு போட்டு, ஆபரேஷன் முடித்து, ஊரில் கொண்டுவந்து விடும் வழக்கம் வந்தது. பணம் கட்டுகிற நோயாளிகளின் வருமானத்தில்தான் இலவசம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலையில் சோறும் பஸ்ஸும் வேறு! எந்தக் கணக்குப்பிள்ளையும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் ஆள் வந்ததால் மேசை சும்மா கிடக்கவில்லை. மேசை சும்மா கிடக்காததால் ஒரு ஆபரேஷனுக்கான செலவு இறங்கியது. உத்தி என்று நான் ஒப்புக்கொள்வது இந்தப் பஸ்ஸைத்தான். உங்கள் வாசல் போர்டை அல்ல.

இப்போது உங்களைத் திட்ட வேண்டும். ஏற்காட்டுக்கும் போர்டுக்கும் அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறீர்கள். 11 டீலர்களுக்கு ஒரே வரி. ஏன் நிறுத்தினார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. உங்களுக்குத் தெரியாது, அப்படித்தானே? சிஇஓ கேட்கவில்லை, சரி, அவர் இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. விற்பனை மேலாளர் நீங்கள். கோவில்பட்டிக்கு ஒரு பஸ் ஏற உங்களுக்கு என்ன கேடு? கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. பத்து வருடம் நானும் ஒரு ஆபீசில் மேலே இருப்பவரின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். அந்தக் குரல் எனக்குக் கேட்டவுடன் தெரிந்துவிடும்.

அடுத்த வருடம் மதுரையிலிருந்து வண்டி வந்தது. தெருவில் இரண்டு கிழவிகள் ஏறியதால் அப்பத்தாவும் ஏறினாள். எருமையை அம்மா கறந்தாள். சோடாபுட்டிக் கண்ணாடியோடு திரும்பி வந்தவள் முதல் வேலையாக, எருமை இளைத்துவிட்டது என்று அம்மாவிடம் சண்டை போட்டாள். கண்ணாடிக்குப் பதில் கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டுச் சரக்கு, நூறு டாலருக்கு மேல். மதுரையிலேயே அதைச் செய்ய 1992இல் ஆரோலேப் தொடங்கி, விலையைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அப்பத்தாவுக்கு அது பிந்திப்போயிற்று. கண்ணாடி போனால் மறுபடி இருட்டுதான். ஒருநாள் அது உடைந்தும் போனது. புதுசு வரும்வரை ஒரு மாதம் எருமையைத் தடவித் தடவித்தான் கறந்தாள். ஆடு மிதித்து உடைந்ததாகத்தான் வீட்டில் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் கிரிக்கெட் பந்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.