தாலி, பஞ்சாயத்து, கைமாற்று: சட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் சட்டம் முழுவதும் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? (பீனிக்ஸ்)

அப்படி ஒரு புத்தகம் இல்லை. 1652-இல் கேப்பில் (இன்றைய கேப் டவுன் பகுதியில்) இறங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு, பழைய ரோமச் சட்டமும் டச்சு வழக்கமும் கலந்த ரோமன்-டச்சுச் சட்டம் வந்தது. ஹாலந்து பின்னாளில் தன் சட்டத்தைத் தொகுத்து எழுதிக்கொண்டது. அதற்குள், 1806-இல், கேப் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் இங்கே பழையதே தங்கிவிட்டது. ஆங்கிலேயர் அதன்மேல் தங்கள் சாட்சிய விதிகளையும் வழக்கு நடத்தும் முறையையும் ஏற்றிவிட்டார்கள். ஆப்பிரிக்க மக்களின் வழக்காற்றுச் சட்டம், நாடாளுமன்றச் சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் சேர்ந்ததுதான் இன்றைய சட்டம். 1997 பிப்ரவரி 4 முதல் எல்லாவற்றுக்கும் மேலே அரசியல் சட்டம் இருக்கிறது. அதற்கு முரணான எதுவும் செல்லாது என்கிறது அதன் 2-ஆம் பிரிவு.

பக்கத்து வீட்டு மாமரக் கிளை உங்கள் சுவரைத் தாண்டி வந்தால் என்ன விதி என்று தேடும் நீதிபதி இன்றும் 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஆசிரியர்களைப் புரட்டுவார். (முதலில் மரத்துக்காரரிடம் சொல்லுங்கள். அவர் வெட்ட மறுத்தால் எல்லைக்கோடு வரை நீங்களே வெட்டலாம், அதைத் தாண்டக் கூடாது.)

கோவிலில் ஐயர் மந்திரம் சொல்லி, ஊரறியத் தாலி கட்டினேன். இதற்கு மேல் சட்டத்துக்கு என்ன வேண்டும்? (சாட்ஸ்வர்த்)

பதிவேட்டில் கையெழுத்து வேண்டும். ஊருக்கு நீங்கள் கணவன் மனைவி. வங்கிக்கும் ஓய்வூதிய நிதிக்கும் சொத்துப் பதிவு அலுவலகத்துக்கும் அது தெரிய வழியில்லை. கல்யாணத்துக்கு வராதவரையும் கட்டுப்படுத்துவதுதான் சட்டத்தின் வேலை.

இந்த விஷயத்தில் நம்மவர் பட்ட பாடு பழையது. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், பலதார மணத்துக்கு இடம் தரும் சமய முறைப்படி நடந்த கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே அல்ல என்றார். ஒரே பேனா வீச்சில் நம் பெண்கள் மனைவி என்ற நிலையை இழந்தார்கள். அந்த ஆண்டு காந்தி நடத்திய சத்தியாகிரகப் போராட்டத்தில் பெண்கள் சிறை சென்றதற்கு இதுவும் ஒரு காரணம். 1914-இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் இந்திய மதகுருமாரைத் திருமண அதிகாரிகளாக நியமிக்க வழி செய்தது.

அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. தேதி குறிக்கும்போதே ஐயரிடம் கேளுங்கள்: "நீங்கள் பதிவு பெற்ற மேரேஜ் ஆபீசரா?" இல்லை என்றால், அப்படி ஒருவரை வரவழையுங்கள், அல்லது ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) அலுவலகத்தில் தனியாகப் பதிவு செய்யுங்கள். 1961-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி மணமக்கள் நேரில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். இடம் வழிபாட்டுத் தலமாகவோ அரசு அலுவலகமாகவோ குடியிருக்கும் வீடாகவோ இருக்க வேண்டும். திருமண மண்டபம் இந்தப் பட்டியலில் இல்லை என்பதால் கையெழுத்தைக் கோவிலிலோ வீட்டிலோ வைத்துக்கொள்வது பத்திரம். பதிவேட்டை மூன்று நாளுக்குள் ஹோம் அஃபேர்ஸில் சேர்ப்பது அதிகாரியின் பொறுப்பு. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான்: பதிவேடு அவர் பையிலேயே கிடக்கும், உங்கள் பெயர் கணினியில் "மணமாகாதவர்" என்றே நிற்கும். சில வாரம் கழித்து நீங்களே போய்ச் சரிபாருங்கள்.

இன்னொன்று, சொத்து. ஒன்றும் எழுதாமல் மணந்தால் இருவர் சொத்தும் கடனும் ஒன்றாகிவிடும். தனித்தனியாக வேண்டுமென்றால் திருமணத்துக்கு முன்பே நோட்டரி முன் ஒப்பந்தம் எழுதி, மூன்று மாதத்துக்குள் பதிய வேண்டும். காலையில் பதிவேட்டில் கையெழுத்து, பிற்பகலில் நோட்டரி என்றால் காரியம் கெட்டது. அப்புறம் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

பதியாமலே காலம் ஓடிவிட்டதா? 2007-இல் டர்பன் உயர் நீதிமன்றம், இந்து முறைப்படி மட்டும் நடந்த மணத்துக்கு விவாகரத்துத் தர மறுத்தது. 2008-இல் அதே நீதிமன்றம், அப்படி மணந்தவர் உயில் எழுதாமல் இறந்தபோது அவர் மனைவிக்கு வாரிசுரிமை உண்டு என்றது. ஒரே தாலி, வாழும்போது செல்லவில்லை, செத்தபின் செல்கிறது. இந்த முரணை நாடாளுமன்றம் எப்போதோ தீர்த்திருக்க வேண்டும். வழக்காற்றுத் திருமணங்களை ஏற்கும் 1998 சட்டமும் ஆப்பிரிக்க மக்களுக்கு மட்டுமே பொருந்தும்.

கோவில் கமிட்டி உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னால் அது செல்லுமா? (வெருலம்)

கமிட்டியின் விதிகள் உறுப்பினர்களுக்கு இடையேயான ஒப்பந்தம், அந்த அளவுக்குச் செல்லும். ஒருவரை நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்காவிட்டால் நீதிமன்றம் அதைத் தள்ளிவிடலாம். பணத் தகராறு என்றால் இரு தரப்பும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டால் 1965 நடுவர் தீர்ப்புச் சட்டம் துணைக்கு வரும். பிறகு அந்தத் தீர்ப்பை உயர் நீதிமன்ற ஆணையாகவே மாற்றிக்கொள்ளலாம். விவாகரத்தை மட்டும் எந்தப் பஞ்சாயத்தும் தொட முடியாது.

அநியாயமான சட்டமும் சட்டம்தானா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

உங்கள் ஊர்ச் சட்டசபையையே பார்ப்போம். 1895-இல் நேட்டால் சட்டசபை, ஒப்பந்தத் தொழிலாளியாக வந்து, ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கும் இந்தியருக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு வரி போட்டது. ஒப்பந்தத் தொழிலாளியின் முதலாண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், ஆறு மாதச் சம்பளம். மீண்டும் ஒப்பந்தத்தில் விழு அல்லது கப்பல் ஏறு என்பதுதான் அதன் நோக்கம். முறைப்படி வாக்கெடுத்து நிறைவேற்றிய சட்டம், வடிவத்தில் குறையே சொல்ல முடியாது.

வடிவம் சரியாக இருந்தால் போதும் என்ற கொள்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1950-களே சாட்சி. கலப்பினத்தவரைப் பொது வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கிய சட்டத்தை 1952-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கவில்லை என்பதுதான் காரணம், அநியாயம் என்பதல்ல. அரசு செனட்டில் தன் ஆட்களைக் கூட்டி அந்தப் பெரும்பான்மையைத் தேடிக்கொண்டது, 1956-இல் வேலை முடிந்தது. நம்மவர் பலரை டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து கிளப்பிய, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தின் முன்னும் நீதிமன்றம் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றது.

இன்று உள்ளடக்கத்தையும் சோதிக்கலாம். சமத்துவத்தைச் சொல்லும் 9-ஆம் பிரிவுக்கு முரணாக இருந்தால், எத்தனை பேர் வாக்களித்து நிறைவேறியிருந்தாலும் அந்தச் சட்டம் விழும். ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: அன்று அதுவும் சட்டம்தான். இன்று நீதிமன்றம் செல்லாது என்று சொல்லும் வரை மட்டுமே சட்டம்.

இத்தனை கொலை நடக்கும் நாட்டில், மக்கள் கேட்டும் தூக்குத் தண்டனை ஏன் இல்லை? (லெனேசியா)

1995 ஜூனில் அரசியல் சட்ட நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்து அதை நீக்கினார்கள். பெரும்பான்மை மக்கள் தூக்கை விரும்பக்கூடும் என்று ஏற்றுக்கொண்டே நீக்கினார்கள். கூட்டம் வெறுக்கும் ஆளுக்கும் உரிமை உண்டு என்பதற்காகத்தானே உரிமைகளை எழுதி வைத்தது? குற்றத்தைத் தடுப்பது பிடிபடுவோம் என்ற பயம் என்றது தீர்ப்பு. அந்த இடத்தில்தான் நம் போலீஸ் தோற்கிறது, அதற்குக் கயிறு மருந்தல்ல.

மச்சானுக்கு 26,000 ராண்ட் கைமாற்றுக் கொடுத்தேன், எழுத்தில் இல்லை. போச்சா? (டோங்காட்)

போகவில்லை. வாய்ப்பேச்சுக் கடனும் ஒப்பந்தமே. நிலம் விற்பது, ஜாமீன் நிற்பது போன்ற சிலவற்றுக்குத்தான் எழுத்து கட்டாயம். ஆனால் கடனைத் திருப்ப வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டில் அது காலாவதியாகும். "தருகிறேன், பொறுங்கள்" என்று இடையில் அவர் வாட்ஸ்அப்பில் ஒப்புக்கொண்டிருந்தால் அன்றிலிருந்து புதிதாக எண்ணலாம். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்.

சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டின் உச்சவரம்பு 20,000 ராண்ட். 6,000-ஐ விட்டுக்கொடுத்தால் அங்கே போகலாம். வக்கீலுக்கு அங்கே அனுமதி இல்லை, உங்கள் வக்கீலுக்கும் இல்லை, மச்சானின் வக்கீலுக்கும் இல்லை. முதலில் தொகையும் காரணமும் எழுதி, 14 நாள் அவகாசம் கொடுத்துக் கோரிக்கைக் கடிதம் தாருங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் கையெழுத்து வாங்குங்கள், தபால் என்றால் ரெஜிஸ்டர்டு. அந்த அத்தாட்சியோடு போனால் மாஜிஸ்திரேட் நீதிமன்ற எழுத்தரே சம்மன் தயாரிக்க இலவசமாக உதவுவார். விசாரணையன்று வங்கிப் பதிவு, செய்திகளின் அச்சுப் பிரதி, பணம் கொடுத்ததைப் பார்த்தவர் எல்லாம் கூட இருக்கட்டும். தோற்றால் மேல்முறையீடு கிடையாது. 26,000-உம் வேண்டும் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்தான். வக்கீல் பீஸைக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.