கோப்பை இருக்கட்டும், அம்மாவின் கண் என்ன ஆயிற்று?

கேள்வி: ராமேசுவரம் தீவில், தங்கச்சிமடம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் என்னுடையது. 1983இல் பிறந்தேன். இப்போது சென்னையில் வேலை. எனக்கு நினைவு தெரிந்த முதல் காட்சியே எங்கள் ஊர்ப் பந்தாட்டக் குழுதான். அப்போது மூன்று வயது இருக்கும். குழுவோடு பஸ்ஸில் பாலத்தைக் கடந்து மண்டபத்துக்குப் போனோம். அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தேன். சவுக்குக் கம்பு நட்டுப் பழைய வலையைக் கட்டிய கோல் போஸ்ட், எங்கள் ஆள் பின்னால் தட்டிய பந்தைக் கோல்கீப்பர் குனிந்து அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டது, அப்பாவின் தலையில் தேங்காயெண்ணெய் வாசம், எல்லாம் அப்படியே இருக்கிறது. வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் உண்டு. குழு வரிசையாக நிற்கிறது, ஓரத்தில் அப்பா, அவர் தோளில் கட்டம் போட்ட சட்டையில் ஒரு குழந்தை. அது நான்தான். மூன்று வயது மூத்த அண்ணனோ, "அது நான். நீ அன்று தொட்டிலில் கிடந்தாய்" என்கிறான். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் நடக்கும் போட்டிக்கு அப்பா பெயரில் நாற்பதாயிரம் ரூபாய் செலவில் சுழற்கோப்பை கொடுக்கிறேன். போட்டி மலரில் அந்தப் படத்தைப் போட்டு என் நினைவை எழுத இருக்கிறேன். விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன் இதைத் தடுக்கிறான். இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை. அம்மாவிடம் கேட்கலாம் என்றால், அண்ணன் வீட்டில் இருக்கும் அவளுக்கு இரண்டு மூன்று வருடமாகக் கண் மங்கல். படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், விரலால் தடவினாள், "யாரென்று தெரியவில்லையப்பா" என்று கொடுத்துவிட்டாள். அவளுக்குத் திண்ணையில் உட்கார்ந்து மைக் சத்தத்தைக் கேட்டாலே போதும். என் பதினோரு வயது மகன் ஐரோப்பியக் குழுக்களை வரிசையாக ஒப்பிக்கிறான். ஊர்க் குழுவின் பெயர் தெரியாது. என் முதல் நினைவு உண்மையா? அண்ணனுக்கு எப்படிப் புரியவைப்பது? மகனுக்கு ஊர்க் குழுமேல் எப்படிப் பற்று வரவைப்பது?

பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, படத்தில் இருப்பது யார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, உங்கள் அண்ணனுக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். அவர் கையில் படத்தைக் கொடுத்தீர்கள். அவர் விரலால் தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நீங்களும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறி, எனக்கு நாலு பக்கம் கடிதம் எழுதிவிட்டீர்கள்.

புகைப்படத்தை ஒருவர் எதற்குத் தடவுவார் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

நாற்பது வருடத்துக்கு முந்தைய கம்பு என்ன கம்பு, வலை என்ன வலை, எண்ணெய் என்ன எண்ணெய் என்று எழுதத் தெரிந்திருக்கிறது. பெற்றவளின் பார்வை என்று வரும்போது "இரண்டு மூன்று வருடம்". இரண்டா, மூன்றா? ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா? சர்க்கரை உண்டா? எந்த டாக்டரிடம் காட்டினீர்கள், அவர் என்ன சொன்னார்? நாலு பக்கத்தில் இதற்கு ஒரு சொல் இல்லை. இடம் போதாமல் விடுபட்டதாக நான் நினைக்கவில்லை. யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இது எனக்குப் புதிய கடிதம் அல்ல. வீட்டுப் பாகம், கல்யாணம், நகை, திருவிழாவில் முதல் மரியாதை என்று விவகாரம்தான் மாறும். எல்லாவற்றிலும் ஓரமாக ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாள், பக்கத்திலேயே "அவளுக்கு இது போதும்" என்று ஒரு வாக்கியமும் இருக்கும். அவளே அப்படிச் சொல்லியிருக்கலாம். "இனிமேல் நான் எதைப் பார்க்கப்போகிறேன், உங்களுக்கு எதற்கு வீண் செலவு" என்று சொல்லாத தாயை நம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. அவள் சொல்லுவாள். அதை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் பிள்ளைகளுக்குச் சௌகரியம்.

அவளுக்கு இருப்பது கண்புரையாக இருந்தால், அறுவை சிகிச்சை அரை மணிக்குள் முடிகிற காரியம். கண்ணுக்கு மட்டும் மரத்துப்போக மருந்து கொடுத்துச் செய்கிறார்கள். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் கண்புரைதான் என்று நீங்களும் நானும் முடிவு செய்ய முடியாது. கண் நீர் அழுத்த நோய் என்றால் போன பார்வை திரும்பாது, இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தாலும் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். இதனால்தான் எனக்குக் கோபம். இந்த "இரண்டு மூன்று வருடம்" எதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை.

வசதி இல்லாத ஊரும் அல்ல. ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மதுரைக்குப் போனால் டாக்டர் வெங்கடசாமி 1976இல் பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. பணம் இல்லாதவர்களுக்கு இலவசமாகவே செய்கிறார்கள். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபின் ராமேசுவரத்தில் ஏறினால் ரயிலிலேயே மதுரை போய்விடலாம். கையில் நாற்பதாயிரம் வைத்திருக்கும் உங்களுக்குப் பணம் தடை என்று நான் நம்பத் தயாராக இல்லை.

சரி, கேட்டதற்கு வருகிறேன். நானும் அந்தக் கடற்கரைக்காரிதான். பாம்பனில் சாலைப் பாலம் திறந்தது 1988இல். அதற்கு முன் தீவிலிருந்து மண்டபத்துக்கு பஸ் கிடையாது. ரயில், இல்லாவிட்டால் படகு. ரயிலைத் தவறவிட்டவன் கரையில் நின்று கடலைத் திட்டிக்கொண்டிருப்பான். 1983இல் பிறந்த பிள்ளை பஸ்ஸில் பாலத்தைக் கடந்தது என்றால் அதற்கு அப்போது ஐந்து வயதாவது நெருங்கியிருக்கும். படத்தில் இருப்பதோ, உங்கள் வர்ணனைப்படி, தோளில் ஏறிய சின்னக் குழந்தை. ஆக, மண்டபம் போன நாள் வேறு, படம் எடுத்த நாள் வேறு. இரண்டையும் சேர்த்து ஒன்றாகத் தைத்து வைத்திருக்கிறீர்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் செய்வதுதான். மூன்று வயதுக்கு முன் நடந்தவை பெரும்பாலோருக்கு நிற்பதில்லை. மிச்ச இடத்தை வீட்டுப் பேச்சும் புகைப்படமும் நிரப்பிவிடுகின்றன. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்கள் சிலரின் சிறுவயதுப் படத்தை வெட்டி, வெப்பக்காற்று பலூனில் போவதுபோல் ஒட்டி அவர்களிடமே காட்டினார்கள். ஏறாத பலூனில் ஏறிய கதையை அவர்களில் பாதிப் பேர் முழுதாகவோ அரைகுறையாகவோ "நினைவுபடுத்திச்" சொன்னார்கள். அண்ணனுக்கும் இது பொருந்தும். "நீ தொட்டிலில் கிடந்தாய்" என்கிறாரே, நீங்கள் தொட்டிலில் கிடந்தபோது அவருக்கே மூன்று வயதுதான். அவருடைய நினைவும் அதே படத்தைப் பார்த்துப் பார்த்து உண்டானதாக இருக்கலாம். அந்தக் கட்டம் போட்ட சட்டையும் சாட்சிக்கு உதவாது. அண்ணன் சட்டை தம்பிக்கு இறங்காத வீடு ஏது?

ஆனால் ஒரு வரி என்னை நிறுத்தியது. பின்னால் தட்டிய பந்தைக் கோல்கீப்பர் அள்ளி அணைத்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். தன் ஆள் வேண்டுமென்றே காலால் தட்டிக் கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது என்று 1992இல் உலகம் முழுவதும் விதி மாறிவிட்டது. நம் ஊர்ப் பொட்டலுக்கு அந்த விதி வந்து சேர இன்னும் சில வருடம் பிடித்திருக்கலாம். உள்ளூர் நடுவர்கள் எதையும் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிறவர்கள் அல்லர். எப்படியும் அது பழைய ஆட்டம். நின்றுகொண்டிருக்கும் குழுப் படத்தில் அந்தக் காட்சி இருக்க முடியாது. அதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். ஐந்து வயதில், மண்டபத்தில், அப்பாவின் தோளிலிருந்து. மலரில் அதை எழுதுங்கள். மூன்று வயது என்பதை அடித்துவிடுங்கள். படத்தின் கீழே "அப்பாவும் பிள்ளையும்" என்று போட்டால் போதும்.

எழுதும்போது இன்னொன்றையும் யோசியுங்கள். அந்தக் குழந்தைக்குச் சட்டை மாட்டி, முகம் துடைத்து, "வெயிலில் நிற்காதீர்கள்" என்று சொல்லித் தோளில் ஏற்றி அனுப்பியது யார்? அப்பா ஆட்டத்துக்கு அழைத்துப் போனார், அதனால் அவர் பெயரில் கோப்பை. அம்மா வீட்டில் இருந்தாள், அதனால் அவளுக்கு மைக் சத்தம். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது!

இறந்தவருக்குச் செய்வதை நான் குறை சொல்லவில்லை. தகப்பன் பெயர் ஊரில் நிற்க வேண்டும் என்று நினைக்கிற மகன் நல்ல மகன்தான். ஆனால் வீட்டில் உயிரோடு ஒருத்தி தடவித் தடவி நடக்கும்போது மைதானத்தில் மாலை மரியாதையோடு கோப்பை கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. உங்கள் அப்பாவுக்கும் ஒப்பாது என்றே நினைக்கிறேன். முதலில் கண், பிறகு கோப்பை. இரண்டுக்கும் இந்த வருடமே காசு வருமென்றால் இரண்டையும் செய்யுங்கள். ஒன்றுக்குத்தான் வருமென்றால், போட்டிக்காரர்களிடம் அடுத்த வருடம் என்று சொல்லுங்கள். அவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அண்ணனையும் விடப் போவதில்லை. தினமும் அவர் கண்ணெதிரேதான் அம்மா வாசல் படியைக் காலால் துழாவுகிறாள். விசைப்படகுக்காரர் என்கிறீர்கள். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகு கரையில் கட்டிக் கிடக்கும். அந்த 61 நாளில் பந்தாட்டத்துக்கு இடம் உண்டு, மலருக்கு இடம் உண்டு, யார் குழந்தை என்ற வழக்குக்கும் இடம் உண்டு. மதுரைக்கு ஒரு நாள் கிடையாதா? இதை அவரிடம் கேட்க எனக்கு ஆசைதான். ஆனால் கடிதம் எழுதியவர் நீங்கள், திட்டும் உங்களுக்குத்தான்.

அவருக்கு "புரியவைக்க" நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். இளையவர் நீங்கள், நீங்களே போனை எடுங்கள். படத்தைப் பற்றிப் பேசாதீர்கள். "அண்ணா, அம்மாவை மதுரைக்கு அழைத்துப் போக வருகிறேன், நீயும் வா" என்று மட்டும் சொல்லுங்கள். அண்ணியிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். இத்தனை வருடம் உங்கள் அம்மாவுக்குச் சோறு போட்டு, தலை பின்னிவிட்டு, குளிக்கத் தண்ணீர் எடுத்துவைப்பவர் அவராகத்தான் இருக்கும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு ஆளே இல்லை. செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், அலைச்சலில் பாதியையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பணத்தை அனுப்பிவிட்டு ஆளை அனுப்பாதவர்களின் கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன, அதில் நீங்களும் சேர வேண்டாம்.

பார்வை தெளிந்தபின் படத்தை அவளிடம் மறுபடி காட்டலாம். ஆனால் தீர்ப்புக் கேட்பதுபோல் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு காட்டாதீர்கள். ஒரு பிள்ளையின் பெயரைச் சொன்னால் இன்னொரு பிள்ளையின் முகம் வாடும் என்று தெரிந்தால், எந்தத் தாயும் மறுபடி "தெரியவில்லையப்பா" என்றுதான் சொல்லுவாள். போன தடவை சொன்னதிலும் பாதி அதுவாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மகனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐரோப்பியக் குழுக்களை அவன் பார்க்கட்டும், நல்ல ஆட்டம்தானே. ஊர்க் குழுவை நீங்கள் கடிதத்தில் வைத்திருக்கிறீர்கள், அவன் பார்ப்பதற்கு எங்கே வைத்தீர்கள்? பள்ளி விடுமுறையில் ஊரில் கொண்டுபோய் விடுங்கள், ஒரு மாதம் இருக்கட்டும். அறுவை சிகிச்சை ஆனால் பாட்டிக்குச் சில வாரங்கள் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். அந்த வேலையை அவனிடம் கொடுங்கள். பதினோரு வயதுப் பிள்ளை கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நேரம் பார்த்து, ஒழுங்காகச் செய்வான். மாலையில் பொட்டலில் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து, யார் எப்படி அடித்தார்கள் என்று திண்ணையில் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லட்டும். உங்களைவிட அதிக பேரின் பெயர் அவளுக்குத் தெரிந்திருக்கும், பாருங்கள். அவளைக் கையோடு மைதானத்துக்கு அழைத்துப்போகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை மணலும் தூசும் அந்தக் கண்ணுக்கு ஆகாது.